புது லேஅவுட் ஃபைல் எந்தெந்த மேசைக்கு போகுது, நாம எங்க போய் கேக்கணும்: தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் மனை வாங்க வர்றவங்களுக்கு

ராயக்கோட்டை ரோட்டுல பஸ்ல போனா ரெண்டு பக்கமும் கலர் கொடி கட்டுன லேஅவுட்டு எண்ணி மாளாது. தக்காளியும் கொள்ளும் வெளைஞ்ச காடெல்லாம் இப்ப கல்லு நட்டு வெள்ளை பெயிண்ட் அடிச்சு கெடக்கு. ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வர்றவங்க, பெங்களூரு வாடகை கட்டுப்படியாகாம இந்தப் பக்கம் எடம் தேடறவங்க, பர்கூர் போச்சம்பள்ளி பக்கம் ஃபேக்டரி வந்தப்புறம் அங்கயே செட்டில் ஆகலாம்னு நெனைக்கிறவங்க, இப்படி நெறைய பேரு வர்றாங்க, எல்லார் கிட்டயும் புரோக்கர் சொல்ற மொத வார்த்தை "சார் இது டிடிசிபி அப்ரூவ்டு, ரெரா அப்ரூவ்டு, கண்ண மூடிட்டு வாங்கலாம்".

கண்ண மூடாதீங்க. நான் பாலக்கோட்டுக்காரன், எங்க வீட்டுல ஒரு மனை வாங்கிட்டு பட்டபாட்டுல தான் இந்த ஃபைல் எல்லாம் எப்படி நகருதுன்னு கத்துக்கிட்டேன். அப்ரூவ்டுங்கறது ஒரே ஒரு சீல் இல்ல. வருவாய்த்துறை ஒன்னு பாக்கும், நகர் ஊரமைப்பு ஒன்னு பாக்கும், உள்ளாட்சி ஒன்னு பாக்கும், ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், வேற ஒன்னு பாக்கும். ஒருத்தர் பாத்தத இன்னொருத்தர் திரும்பப் பாக்க மாட்டாங்க, ஒவ்வொருத்தரும் ஒரு பேப்பர விட்டுட்டு போவாங்க. அந்த பேப்பர எல்லாம் வரிசையா கேட்டு வாங்கிப் படிக்கணும், அவ்ளோ தான் விஷயம்.

எந்த ஆபீஸ் எல்லைன்னு மொதல்ல பாருங்க

தமிழ்நாட்டுல இதுக்கெல்லாம் அடிப்படை 1971ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகருக்கு சிஎம்டிஏ, மத்த ஊருக்கெல்லாம் நகர் ஊரமைப்பு இயக்ககம், அது தான் டிடிசிபி. ஓசூர் சுத்துவட்டாரத்துக்கு தனியா ஒரு வளர்ச்சிக் குழுமம் இருக்கு. அதுக்கு வெளிய தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்னா மாவட்ட அளவுல இருக்கற நகர் ஊரமைப்பு அலுவலகம். லேஅவுட் பெருசா இருந்தா ஃபைல் சென்னை வரைக்கும் போகும். அப்புறம் உள்ளாட்சி, ஓசூர்னா மாநகராட்சி (2019ல தான் ஆச்சு), தர்மபுரி டவுன் கிருஷ்ணகிரி டவுன்னா நகராட்சி, பேரூராட்சி, அதுக்கும் வெளிய போனா ஊராட்சி.

இத ஏன் சொல்றேன்னா நெறைய பேரு "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு"ன்னு ஒரு பேப்பர காட்டுவாங்க, ஊராட்சித் தலைவர் கையெழுத்து ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருக்கும், டிடிசிபி அனுமதி இல்லாம ஊராட்சி மட்டும் தனியா மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர முடியாது. அந்த மாதிரி போட்ட மனையெல்லாம் 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் பத்திரப்பதிவுக்கே தடை போட்டப்ப அப்படியே மாட்டிக்கிச்சு. அப்புறம் 2017ல அந்த மாதிரி அனுமதி இல்லாத மனைய சட்டப்படி சரி பண்ற வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தாங்க, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட மனைப்பிரிவுக்கு மட்டும் தான் அது. இப்ப யாராவது "வரன்முறை பண்ணிக் குடுத்துடறேன்"னு சொன்னா அந்த தேதிய கேளுங்க. இன்னொன்னு, வரன்முறை ஆன மனை வாங்கறது தப்பில்ல, பதிவு ஆகும், வீடு கட்டலாம், ஆனா அந்த எடத்துல பார்க்கு, அகலமான ரோடு இதெல்லாம் இருக்கும்னு எதிர்பாக்காதீங்க.

நிலத்தோட ஜாதகம்

அடுத்தது சர்வே நம்பர். புரோக்கர் கிட்ட மனை நம்பர் கேக்கறதுக்கு முன்னாடி சர்வே நம்பரும் உட்பிரிவு நம்பரும் கேளுங்க. அத வெச்சு பட்டா, அ-பதிவேடு (நிலத்தோட வகைய எழுதி வெச்சிருக்கற வருவாய்த்துறை பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம், எஃப்எம்பின்னு சொல்வாங்க) மூணையும் அரசாங்க வெப்சைட்லயே பைசா செலவில்லாம பாக்கலாம். வில்லங்கமும் பதிவுத்துறை சைட்ல பாக்கலாம், 30 வருஷத்துக்கு போட்டுப் பாருங்க, 13 வருஷம் போதும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

அ-பதிவேடுல நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கான்னு தெரியும். மேய்க்கால், ஓடை, வண்டிப்பாதை, ஏரி உள்வாய், இந்த வார்த்தைங்க எதாவது அந்த சர்வே நம்பர்லயோ ஒட்டுன சர்வே நம்பர்லயோ இருந்தா நின்னு நிதானமா பாருங்க. ஏன்னா லேஅவுட் மேப்புல அந்த ஓடை சிலசமயம் 23 அடி ரோடா மாறி நிக்கும். பஞ்சமி நிலமா, பூமிதான நிலமா, கோயில் நிலமான்னு பாக்கறதும் இங்க தான். பஞ்சமி நிலம் பட்டியல் சமூகத்து மக்களுக்குன்னு குடுத்த நிலம், அத மத்தவங்க வாங்குனா செல்லாது, செல்லாதுங்கறத விட அது ஒரு குடும்பத்தோட வாழ்வாதாரம், அத தெரிஞ்சே வாங்காதீங்க.

புலப்படத்த மொபைல்ல வெச்சுக்கிட்டு நேரா எடத்துக்கு போங்க. நான் சொல்ற இந்த ஒரு வேலைய மட்டும் கண்டிப்பா செய்யுங்க. மழை நின்ன மறுநாள் போனா ரொம்ப நல்லது. 2024 டிசம்பர் மொத வாரம் ஃபெஞ்சல் புயல்ல ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை பேஞ்சுது, ஏரி நெரம்பி வழிஞ்சு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வண்டியெல்லாம் அடிச்சிட்டு போச்சு, அரூர்லயும் 33 சென்டிமீட்டர். நம்ம ஊரு வறண்ட ஊருன்னு நெனச்சு கால்வாய் மேல மண்ண கொட்டிடறோம், தண்ணிக்கு பழைய வழி மறக்கறதே இல்ல. லேஅவுட் பக்கத்துல ஆடு மேய்க்கறவங்க யாராவது இருந்தா "மழை வந்தா தண்ணி எந்தப் பக்கம் போவும்ங்க"ன்னு கேளுங்க, எந்த சர்வேயரும் சொல்லாதத அவங்க சொல்வாங்க.

விவசாய நிலத்த மனையா மாத்தறது

இங்க தான் அரசாங்கத்தோட மொத ஆய்வு ஆரம்பிக்குது. மாஸ்டர் பிளான் (எந்த எடம் எதுக்குன்னு அரசாங்கம் போட்ட ஊர்த் திட்டம்) இருக்கற ஊருன்னா அந்த சர்வே நம்பர் எந்த மண்டலத்துல இருக்குன்னு பாப்பாங்க, குடியிருப்பு, தொழிற்சாலை, விவசாயம் இப்படி. விவசாய மண்டலத்துல இருந்தா நில உபயோக மாற்றம் வாங்கணும், அதுக்கு பேப்பர்ல விளம்பரம் வரும், ஆட்சேபனை இருந்தா இத்தனை நாளுக்குள்ள எழுதிக் குடுங்கன்னு போட்டிருக்கும். மாஸ்டர் பிளான் இல்லாத கிராமத்துக்கு 2017ல தனியா விதி போட்டாங்க. அங்க புஞ்சைன்னா சீக்கிரம் முடியும், நஞ்சைன்னா கலெக்டர் ஆபீஸ், வேளாண்மைத் துறை எல்லாம் கருத்து சொல்லணும், பக்கத்து வயலுக்கு போற வாய்க்கால் அடைபடுமான்னு பாக்கணும். பாரூர் ஏரிப் பாசனம், கிருஷ்ணகிரி அணைப் பாசனம் மாதிரி எடத்துல மனை பாக்கறீங்கன்னா இந்த உத்தரவு நகல கேக்காம டோக்கன் அட்வான்ஸ் குடுக்காதீங்க.

தடையின்மைச் சான்று

என்ஓசின்னு சொல்றது. எல்லா லேஅவுட்டுக்கும் எல்லா என்ஓசியும் வேணாம், பக்கத்துல என்ன இருக்குங்கறத பொறுத்தது. ஏரி, ஓடை, தென்பெண்ணை பக்கம்னா நீர்வளத்துறை. ரயில்வே எல்லையிலேருந்து 30 மீட்டருக்குள்ளன்னா ரயில்வே. ஓசூரு ராயக்கோட்டை பாலக்கோடு தர்மபுரின்னு போற 844 நம்பர் தேசிய நெடுஞ்சாலையில நேரா வழி வெக்கணும்னா நெடுஞ்சாலை ஆணையம். தளி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கம் காட்ட ஒட்டுனா வனத்துறை, அங்க யானை வர்ற தடமும் இருக்கு, வீடு கட்டுனப்புறம் யானை வருதுன்னு சொல்றதுல நியாயம் இல்ல, அது வந்த வழியில நாம தான் போய் உக்காந்திருக்கோம்.

கிருஷ்ணகிரி பக்கம் முக்கியமா கல்குவாரி. சிறுகனிம விதிப்படி குடியிருப்புலேருந்து 300 மீட்டருக்குள்ள குவாரிக்கு குத்தகை தரக்கூடாது, ஒப்புதல் ஆன மனைப்பிரிவும் அந்தக் கணக்குல குடியிருப்பு தான். அதனால லேஅவுட் ஃபைல் வரும்போது பக்கத்துல குவாரி இருக்கான்னு கனிமவளத்துறை கிட்ட கேப்பாங்க. நீங்க சாயங்காலம் வெடி வெக்கற நேரத்துல போய் நின்னு பாத்துக்கோங்க.

பெரிய அபார்ட்மெண்ட் திட்டம்னா வேற. கட்டட பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் போனா சுற்றுச்சூழல் அனுமதி வேணும், 2006 அறிவிக்கையில இருக்கு. உயரம் 18.30 மீட்டருக்கு மேல போனா ஹைரைஸ் கணக்கு, தீயணைப்புத் துறை சான்று இல்லாம நகராது. ஓசூர்ல ஃபிளாட் பாக்கறவங்க இது ரெண்டையும் கேளுங்க.

டிடிசிபி மேப்பு

இதெல்லாம் முடிஞ்சா தான் லேஅவுட் வரைபடம் டிடிசிபி மேசைக்கு வரும். ஆன்லைன் ஒற்றைச் சாளரத்துல விண்ணப்பம் போகும், ஆளு வந்து எடத்த பாப்பாங்க, ரோடு அகலம், மூலை வெட்டு, மனை அளவு, பக்கத்து நிலத்துக்காரங்க வழி அடைபடுதா, மேல ஹைடென்ஷன் லைன் போகுதா, இதெல்லாம் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிப்படி சரி பாத்துட்டு தொழில்நுட்ப அனுமதின்னு ஒரு நம்பர் குடுப்பாங்க. இது பாதி அப்ரூவல் தான். நெறைய புரோக்கருங்க இந்த நம்பர வெச்சே விக்க ஆரம்பிச்சிடுவாங்க, "டிடிசிபி வந்துடுச்சு சார்"னு.

மேப்புல நாம பாக்க வேண்டியது பார்க்கு. ஓஎஸ்ஆர்னு சொல்வாங்க, பொது ஒதுக்கீடு. மொத்த எடம் 3,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமாரா 74 சென்ட்டுக்கு மேல போனா ரோடு போக மீதியில 10 சதவீதம் விடணும். 10,000 சதுர மீட்டர் வரைக்கும், அதாவது 2 ஏக்கர் 47 சென்ட் வரைக்கும், எடத்துக்கு பதிலா கைடுலைன் மதிப்புல (பதிவுக்கு அரசாங்கம் வெச்ச நில மதிப்பு) பணமா கட்டிக்கலாம், அதுக்கு மேலன்னா எடமா தான் குடுக்கணும். கணக்கு போட்டுப் பாருங்க, 5 ஏக்கர் லேஅவுட், ரோடுக்கு ஒன்றரை ஏக்கர் போச்சுன்னு வெச்சுக்கோங்க, மீதி மூன்றரை ஏக்கர்ல 35 சென்ட் பார்க்கு வரணும். மேப்புல அது எங்க இருக்கு, எல்லா பிள்ளைங்களும் நடந்து போற எடத்துலயா இல்ல யாருக்கும் ஆகாத மூலையில பாறை மேலயான்னு பாருங்க. பெரிய லேஅவுட்ல இ.டபிள்யூ.எஸ்.னு குறிச்ச சின்ன மனைங்க இருக்கும், அது ஏழைங்களுக்காக ஒதுக்கறது, ரெண்டு மூணு மனைய சேத்து ஒன்னா தர்றேன்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க, அத சேக்கவே கூடாது.

தானப்பத்திரம், இங்க தான் நாங்க மாட்டினோம்

தொழில்நுட்ப அனுமதி வந்தப்புறம் ரோடையும் பார்க்கையும் டெவலப்பர் உள்ளாட்சி பேருக்கு தானப்பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணணும். அது ஆனாத்தான் உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தரும், அதுக்கு ஒரு தனி நம்பர். ஆக ரெண்டு நம்பர் இருக்கணும், டிடிசிபி நம்பர் ஒன்னு, உள்ளாட்சி நம்பர் ஒன்னு, ரெண்டுலயும் தேதி இருக்கணும்.

நாங்க மனை வாங்குனப்ப எங்க மாமா மேப்ப பாத்தாரு, பார்க்கு எங்க மனைக்கு எதுத்தாப்ல இருந்துச்சு, பிள்ளைங்க வெளையாடும்னு தான் அந்த மனையவே எடுத்தோம். ரெண்டு வருஷம் கழிச்சு வீடு கட்டலாம்னு போறோம், பார்க்குல கம்பிவேலி போட்டு கல்லு நட்டு ஆறு மனையா பிரிச்சு வெச்சிருக்காங்க. கேட்டா "அது பார்க்கு இல்லீங்க, அத ரிவைஸ் பண்ணிட்டோம்"னு ஒரு கலர் மேப்ப காட்டறாங்க, அதுல சீலும் இல்ல நம்பரும் இல்ல. அன்னிக்கு எங்க அத்தை அழுதது இன்னும் கண்ணுல இருக்கு, நகை வெச்சு வாங்குன எடம்.

அப்புறம் தான் ஒவ்வொன்னா தேடுனோம். தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு ஒப்புதல் ஆன மேப்போட சான்றிட்ட நகல் வாங்குனோம். அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டதுல தானப்பத்திர நம்பர் கெடச்சுது, பார்க்கு ஏற்கனவே உள்ளாட்சி பேர்ல தான் இருக்கு, அத விக்க அவங்களுக்கு உரிமையே கெடையாது. ஆனா பட்டா மட்டும் மாத்தாம பழைய ஓனர் பேர்லயே கெடந்துச்சு, அந்த ஓட்டையில தான் பூந்திருக்காங்க. நாங்க ஒன்பது குடும்பம் சேந்து ரெண்டு நகலையும் வெச்சு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுத்தோம், உள்ளாட்சிக்கும் குடுத்தோம், சார்பதிவாளர் ஆபீஸ்ல அந்த எடத்த பதிவு பண்ணாதீங்கன்னு ஆட்சேபனை மனு குடுத்தோம். ஒன்றரை வருஷம் அலைஞ்சோம். வேலி எடுத்தாங்க, பட்டா மாறுச்சு, இப்ப அங்க ஒரு வேப்பமரமும் ரெண்டு புங்கமரமும் நிக்குது.

அதனால தானப்பத்திரம் ரிஜிஸ்டர் ஆயிருக்கான்னு பாக்கறதோட நிறுத்தாதீங்க, ரோடுக்கும் பார்க்குக்கும் பட்டா உள்ளாட்சி பேருக்கு மாறியிருக்கான்னும் பாருங்க. இந்த விஷயத்துல கோர்ட்டும் ரொம்ப காலமா நம்ம பக்கம் தான் நிக்குது, 1991லயே பெங்களூருல லேஅவுட் பார்க்குக்குன்னு விட்ட எடத்த தனியார் ஆஸ்பத்திரி கட்ட ஒதுக்குனதுக்கு எதிரா அந்த ஏரியா மக்கள் போன கேஸ்ல சுப்ரீம் கோர்ட் பார்க்கு பார்க்காவே இருக்கணும்னு சொல்லிடுச்சு.

ரெரா

500 சதுர மீட்டருக்கு மேல, நம்ம கணக்குல 12 சென்ட் சொச்சத்துக்கு மேல போற லேஅவுட்டு, இல்ல 8 வீட்டுக்கு மேல இருக்கற அபார்ட்மெண்ட், இத விளம்பரம் பண்றதுக்கு முன்னாடியே ரெராவுல பதிவு பண்ணணும், 2016 சட்டம். நம்பர வாங்கி ரெரா வெப்சைட்ல நீங்களே போட்டுப் பாருங்க, அங்க ஏத்தியிருக்கற மேப்பும் புரோக்கர் காட்டற மேப்பும் ஒன்னா இருக்கான்னு மனை நம்பர் மனை நம்பரா ஒத்துப் பாருங்க. ஒப்பந்தம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணாம விலையில 10 சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது. வாங்குற பணத்துல 70 சதவீதத்த தனி அக்கவுண்ட்ல போட்டு அந்த திட்டத்துக்கே செலவு பண்ணணும். புரோக்கரும் ரெராவுல ஏஜெண்டா பதிவு பண்ணியிருக்கணும், கேளுங்க, கோவப்பட மாட்டாங்க, கோவப்பட்டா வேற எடம் பாருங்க.

எடம் கைக்கு வந்தப்புறம் வீடு கட்டறது இப்ப கொஞ்சம் சுலபம். 2024 ஜூலையிலேருந்து 2,500 சதுர அடி வரைக்கும் இருக்கற மனையில 3,500 சதுர அடிக்குள்ள தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டறதா இருந்தா சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி எடுத்துக்கலாம். மனை ஒப்புதல் ஆனதா இருக்கணும்.

ஆட்சேபனைய எங்க சொல்றது

வாங்கறவங்களுக்கு மட்டும் இல்ல, லேஅவுட் பக்கத்துல காடு வெச்சிருக்கறவங்களுக்கும் இது. அமெரிக்காவுல எல்லாம் ஊருக்கு ஊரு பிளானிங் கமிஷன் இருக்கு, புதுக் குடியிருப்பு வந்தா பொதுக்கூட்டம் போட்டு பக்கத்து வீட்டுக்காரங்க பேசறதுக்கு நேரம் குடுப்பாங்க. இங்க ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் அப்படி கூட்டம் கெடையாது. ஆனா வாசலே இல்லன்னு நெனைக்காதீங்க. மாஸ்டர் பிளான் வரைவு வெளியிடும்போது ஆட்சேபனை சொல்ல அவகாசம் குடுக்கணும், அந்த நேரத்துல போய் மேப்ப பாத்து உங்க ஏரி, உங்க வண்டிப்பாதை சரியா குறிச்சிருக்கான்னு பாத்து எழுதிக் குடுங்க, அப்ப விட்டா அப்புறம் மாத்தறது மலையப் பொரட்டற வேலை. ஊராட்சின்னா ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராமசபை. கால்வாய் அடைபடுது, சுடுகாட்டு வழி மறிபடுதுன்னா அங்க எழுந்து பேசி தீர்மானப் புத்தகத்துல ஏத்தச் சொல்லுங்க, ஏத்துனாங்களான்னு படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

மனு எழுதும்போது "எங்களுக்கு அநியாயம் நடக்குது"ன்னு ரெண்டு பக்கம் எழுதாதீங்க, நாங்க மொதல்ல அப்படித்தான் எழுதினோம், ஒரு பதிலும் வரல. சர்வே நம்பர் போடுங்க, புலப்பட நகல் வெச்சு எந்த எடத்துல ஓடை இருக்குன்னு செவப்பு பேனாவுல சுழிச்சுக் காட்டுங்க, ஃபோட்டோ ரெண்டு, எந்த துறை என்ன செய்யணும்னு ஒரே வரி. குடுத்ததுக்கு ரசீது நம்பர் வாங்காம வராதீங்க.

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபா, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் உள்ளாட்சிக்கும் தனித்தனியா போடுங்க. கேக்க வேண்டியது நாலு தான்: இந்த சர்வே நம்பர்ல ஒப்புதல் ஆன மனைப்பிரிவு வரைபடத்தோட சான்றிட்ட நகல், தொழில்நுட்ப அனுமதி நிபந்தனைங்க, ரோடு பார்க்கு தானப்பத்திர நகல், அதுக்கப்புறம் வரைபடத்துல மாற்றம் எதாவது ஒப்புதல் ஆயிருந்தா அதோட நகல். 30 நாளுக்குள்ள பதில் வரணும். வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள அதே அலுவலகத்து மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு போடுங்க, அதுக்கு ஃபீஸ் கெடையாது.